இது ஒரு…

அண்ணனின் படம் மருத்துவமனையின் நரம்பியல் அறுவைத் துறையின் செய்தி மடலில் வெளிவந்தபோது அவன் பேசி ஒன்பது நாள் ஆகியிருந்தது. வாட்ஸப்பில் சொந்தக்காரர் ஒருவர் அனுப்பியிருந்தார். திறந்தால் பச்சைத் துணிகளுக்கு நடுவே அவன் முகம். ஒரு கண் பாதி மூடியிருக்கிறது, உதடுகள் எதையோ சொல்லிக்கொண்டிருக்கின்றன. கீழே, 'வாய்ப்பாடு ஒப்பித்தபடியே மூளைக் கட்டிக்கு அறுவை சிகிச்சை: கணித ஆசிரியருக்கு மறுவாழ்வு' என்ற தலைப்பும் இரண்டு பத்தியும். அந்தக் கணித ஆசிரியர் அப்போது எனக்கு மூன்றடி தள்ளிக் கட்டிலில் சாய்ந்திருந்தான். தண்ணீர் வேண்டும் என்றால் டம்ளரைப் பார்ப்பான், அப்புறம் என்னைப் பார்ப்பான். வலது கை போட்டது போட்டபடி கிடந்தது. அண்ணி போனை வாங்கி இரண்டு பத்தியையும் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். (என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன். சின்ன வயதிலிருந்தே வாடா போடாதான். இங்கே மட்டும் 'அவர்' என்று எழுதினால் படித்துவிட்டுச் சிரிப்பான்.)

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நிறைய விஷயங்கள் மறந்துவிட்டன. ஐசியூ வாசலில் எத்தனை நாள் உட்கார்ந்தோம் என்று கேட்டால் அண்ணியைத்தான் கேட்க வேண்டும். அந்த இரண்டு பத்தி மட்டும் போகவில்லை. வெறும் கோபம் என்றால் எப்போதோ ஆறியிருக்கும். அதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் தொந்தரவு. கட்டி இருந்தது, அவன் விழித்திருந்தான், வாய்ப்பாடும் சொன்னான், அறுவை சிகிச்சையும் திட்டமிட்டபடி முடிந்தது. படம் எடுக்கவும் வெளியிடவும் அவனே கையெழுத்துப் போட்டிருந்தான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பிழைப்புக்கு ஒரு நிறுவனத்தில் ஆண்டறிக்கை எழுதுகிறவன். 'வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது' என்ற வாக்கியத்தை எத்தனை முறை தட்டச்சு செய்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அந்த மடலை எழுதிய கை எப்படி வேலை செய்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வேளை அதனால்தான் விட முடியவில்லையோ என்னவோ.

தியேட்டருக்குள் நடந்தது

அண்ணனுக்கு முதலில் வந்தது வலிப்பு. வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டான், வலது கை இழுத்துக்கொண்டது, அப்புறம் கீழே விழுந்தான். மெதுவாக வளரும் மூளைக் கட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் தங்களைக் காட்டிக்கொள்ளுமாம். தலைவலியோ வாந்தியோ இல்லாமல் வருஷக்கணக்கில் இருந்துவிட்டு ஒரு நாள் வலிப்பு. ஸ்கேனில் இடது முன்மடலின் (மூளையின் முன்பகுதி) மேல்பகுதியில், நடுக்கோட்டை ஒட்டி, வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. பேச்சையும் கைகால் அசைவையும் 'தொடங்கி வைக்கிற' பகுதி அது என்றார் டாக்டர். அதனால்தான் விழிக்க வைத்துச் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று.

விழித்திருக்கும்போது மூளையைத் திறப்பது என்றதும் எல்லோருக்கும் வயிறு கலங்கும். ஆனால் மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. வலிப்பதெல்லாம் தலைத்தோலும், மூளையைச் சுற்றியிருக்கும் தடித்த உறையும்தான். தலைத்தோலை ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, மயக்கத்தில் மண்டையோட்டைத் திறந்து, பிறகு மயக்கத்தைக் குறைத்து ஆளை எழுப்புகிறார்கள். தலை மூன்று ஊசிமுனைகள் கொண்ட பிடிப்பானில் அசையாமல் இருக்கும். அறுவை மருத்துவர் கையில் ஒரு சின்னக் கோல். அதன் இரண்டு முனைகளுக்கும் இடையே ஐந்து மில்லிமீட்டர் தூரம். சில மில்லிஆம்பியர் மின்சாரம், விநாடிக்கு அறுபது துடிப்பு. அதை மூளைப் பரப்பில் வைத்தால் அந்த இடம் சில நொடிகளுக்கு வேலையை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் நோயாளியால் எது முடியாமல் போகிறது என்று பார்த்துக்கொண்டே ஒவ்வொரு இடமாகப் போகிறார்கள். ஓரிடத்தை ஒரு முறை தொட்டு முடிவு செய்துவிட மாட்டார்கள். சுற்றிவிட்டு வந்து மறுபடி தொடுவார்கள், குறைந்தது மூன்று முறை. பேச்சு தடைபடும் இடத்தில் எண் போட்ட குட்டிச் சீட்டை வைத்துவிடுவார்கள். மின்சாரம் வலிப்பைக் கிளப்பிவிட்டால் அடக்குவதற்கு ஐஸ் குளிர்ச்சியில் உப்புநீர் பக்கத்திலேயே தயாராக இருக்கும். இந்த ஐஸ் தண்ணீர் விஷயத்தை அண்ணன் எனக்குப் பத்து முறையாவது சொல்லியிருப்பான். இத்தனை கருவிகள் இருக்கும் அறையில் கடைசி ஆயுதம் குளிர்ந்த தண்ணீர் என்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

கணினித் திரையில் வரைபடம் காட்டும் கருவி இருக்கும்போது ஆளை ஏன் எழுப்ப வேண்டும் என்று நானும் கேட்டேன். அந்த வரைபடம் அறுவைக்கு முன்னால் எடுத்த ஸ்கேனை வைத்துப் போட்டது. உறையைத் திறந்து, நீர் வடிந்து, கட்டியில் கொஞ்சம் வெளியே வந்ததும் மூளை அமுங்கி இடம் மாறிவிடும். திரை பழைய ஊரின் வரைபடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். தவிர, பேச்சு எல்லோருக்கும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. ஒரே ஆளுக்குள்ளேயே இரண்டு மொழிகளின் இடங்கள் கொஞ்சம் தள்ளித்தள்ளி இருக்கலாம். அதனால் அவனைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சோதித்தார்கள்.

அதற்காக அறுவைக்கு மூன்று நாள் முன்பிருந்தே பேச்சுப் பயிற்சியாளர் படக் கட்டுகளோடு வந்துபோனார். இளம் பெண், பொறுமைசாலி. குடை, கடிகாரம், யானை, சைக்கிள் என்று படங்கள். அண்ணன் தடுமாறிய படங்களை முன்கூட்டியே எடுத்துவிட்டார். இல்லாவிட்டால் தியேட்டரில் தடுமாற்றம் வந்தால் அது மின்சாரத்தால் வந்ததா, அவனுக்கே தெரியாததா என்று பிரிக்க முடியாது. படத்தின் பெயரை மட்டும் சொல்லக் கூடாது, 'இது ஒரு குடை', 'இது ஒரு யானை' என்று முழுசாகத்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. 'இது ஒரு' என்று சொல்லிவிட்டு 'யானை' வராமல் நின்றால், பேச்சு ஓடுகிறது, சொல்தான் சிக்கவில்லை என்று அர்த்தம். 'இது ஒரு' என்பதே வராவிட்டால் பேச்சே நின்றுவிட்டது. இரண்டும் வேறு வேறு இடங்கள். இவ்வளவு சாதாரணமான ஒரு தொடரை வைத்து இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது எனக்கு அன்றும் ஆச்சரியம், இன்றும் ஆச்சரியம். அந்த மூன்று நாளும் வீட்டில் போனில்கூட அண்ணன் 'இது ஒரு போன்' என்றுதான் ஆரம்பித்தான். அவன் விளையாட்டே அப்படி.

படத்தில் அவன் வாய்ப்பாடு சொல்வது கட்டியின் பெரும்பகுதி வெளியே வந்துகொண்டிருந்த கட்டத்தில். படம் காட்டிக் காட்டி அவனுக்குச் சலித்துப்போய், அவனே கேட்டு ஆரம்பித்ததாம். செய்தியில் வந்தது இந்த இடம்தான்.

அதற்கு அப்புறம்

கடைசிக் கட்டத்தில் அவன் பேச்சு மெதுவாகத் தேய்ந்து, தையல் போடும்போது முழுக்க நின்றுவிட்டது. ஐசியூவில் கண் திறந்து எங்களைப் பார்த்தான். சொல்வதெல்லாம் புரிந்தது. இடது கையால் என் விரலை அழுத்தினான். வாயிலிருந்து சத்தம் வரவில்லை, வலது பக்கம் அசையவில்லை. இது வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அந்தப் பகுதியில் கை வைத்தால் பேச்சும் அசைவும் தொடங்குவது தற்காலிகமாக நின்றுபோகும், சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும் என்று படம் போட்டே விளக்கினார். நாங்களும் தலையாட்டினோம். சம்மதப் படிவத்தில் அது எழுத்தில் இருந்தது, கீழே என் சாட்சிக் கையெழுத்தும் இருந்தது. ஆனால் 'தற்காலிகமாக' என்ற சொல்லைப் படிவத்தில் படிப்பதற்கும், அது கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பதைப் பார்ப்பதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது.

அந்த ஒன்பதாம் நாள் இரவு, வார்டுக்கு வெளியே உட்கார்ந்து போனில் தேடினேன். எல்லோரும் செய்வதுதான், செய்யக் கூடாததும்தான். விழித்த நிலை அறுவை சிகிச்சைகளைப் பற்றி 2008-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ குழு வெளியிட்ட ஒரு கட்டுரை கிடைத்தது. தொடர்ச்சியாக 250 நோயாளிகள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் 56 பேருக்குப் பேச்சு முன்பைவிட மோசமாகியிருந்தது. ஆறு மாதத்தில் அந்த 56 பேரில் 52 பேர் பழைய நிலைக்கு வந்துவிட்டார்கள். நான்கு பேருக்கு வரவில்லை. இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். ஆறுதலிலா பயத்திலா என்று பிரிக்கத் தெரியவில்லை.

எண்களைவிட அந்தக் கணக்கு எடுக்கப்பட்டிருந்த விதம்தான் அப்புறம் மனதில் நின்றது. ஒரு வாரம், ஆறு மாதம் என்று தேதி போட்டிருந்தார்கள். வந்தவர்களையும் வராதவர்களையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். அதே வகை மருத்துவர்கள், அதே வகை அறுவை. ஆய்விதழுக்கு எழுதும்போது ஒரு வாரத்தில் 56 பேர் மோசமானார்கள் என்று எழுத முடிகிற ஒரு துறைக்கு, தன் செய்தி மடலில் 'இப்போது பேச்சு இல்லை, திரும்ப வரும் என்று எதிர்பார்க்கிறோம்' என்று ஒரு வரி சேர்ப்பதில் என்ன கஷ்டம்?

சாதனைகள் எழுதப்படும் முறை

அந்த ஆத்திரத்தில் பெரிய மருத்துவமனைகளின் நரம்பியல் அறுவைத் துறைகள் வெளியிடும் செய்திகளைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எல்லாம் அண்ணன்–தம்பி மாதிரி ஒரே சாயல். புதிய நுண்ணோக்கி வாங்கியது, முதுகெலும்பில் திருகு போட ரோபோ வந்தது, இவ்வளவு எடையுள்ள கட்டியை எடுத்தது, முதல் முறையாக இதைச் செய்தது, இத்தனை கட்டுரை, இத்தனை விருது, பயிற்சி மருத்துவர் ஒருவருக்கு மாநாட்டில் பரிசு. பெரும்பாலான துறைகளில் நாள்தோறும் நடக்கும் வேலையில் பெரிய பங்கு முதுகெலும்புதான் என்றாலும் அட்டைக்கு வருவது மூளைதான். அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் கழுத்தில் தண்டுவடம் நசுங்கிய பெரியவர் ஒருவர் இருந்தார். சட்டைப் பொத்தான் போட முடியாமல் வந்தவர். அறுவையின் முதல் நோக்கம் இதற்கு மேல் மோசமாகாமல் நிறுத்துவது, போனது எவ்வளவு திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். "அப்ப எனக்குச் சரியாகலையா, சரியாயிடுச்சா?" என்று அவர் தன் மகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார். 'மோசமாகவில்லை' என்று யாரும் செய்தி போட மாட்டார்கள்.

வெற்றி என்ற சொல் எதை மூடிக்கொள்ளும் என்பதற்கு இந்தத் துறையே ஒரு பெரிய உதாரணம் கொடுத்திருக்கிறது. தலையில் பலத்த அடிபட்டு மூளை வீங்கி, மருந்துக்கு அடங்காமல் அழுத்தம் ஏறும்போது மண்டையோட்டின் ஒரு பெரிய துண்டை எடுத்துவிடுவது உண்டு. இதைப் பல நாடுகளில் சேர்ந்து 408 பேரிடம் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்கள் மருந்துச் சிகிச்சையில் 48.9 சதவீதம், அறுவையில் 26.9 சதவீதம். இதோடு நிறுத்தினால் பிரமாதமான தலைப்பு. ஆனால் அதே கட்டுரையில் அடுத்த எண்ணும் இருக்கிறது. உயிர் இருந்தும் உணர்வில்லாத நிலையில் தங்கிவிட்டவர்கள் மருந்தில் 2.1 சதவீதம், அறுவையில் 8.5 சதவீதம். இரண்டு எண்ணையும் ஒரே பக்கத்தில் வைத்ததால்தான் அது ஆராய்ச்சி. முதல் எண்ணை மட்டும் எடுத்து வைத்தால் நான் எழுதும் ஆண்டறிக்கை.

இரண்டு எண்ணையும் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த ஒரு மனிதரும் இருந்திருக்கிறார். பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர். நவீன மூளை அறுவையைக் கட்டியெழுப்பிய ஹார்வி குஷிங்கின் நண்பர். மாணவர்களாக இருந்தபோது இருவரும் சேர்ந்துதான் ஈதர் மயக்கத்தில் நாடித்துடிப்பைக் குறித்துவைக்கும் அட்டவணையை உருவாக்கினார்கள். பிற்பாடு காட்மன் தனியாக ஒரு சின்ன மருத்துவமனை நடத்தினார். 1911-லிருந்து 1916 வரை அங்கிருந்து வெளியே போன 337 நோயாளிகளின் முடிவுகளையும், தான் கண்டுபிடித்த 123 தவறுகளையும் அச்சடித்து வெளியிட்டார். சக மருத்துவர்கள் மகிழ்ச்சி அடைந்திருப்பார்களா என்ன? என் அலுவலகத்தில் இப்படி ஒரு அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன நடக்கும் என்று கற்பனை செய்து பார்த்தேன். அன்று சாயங்காலமே எனக்கு வேறு வேலை தேட வேண்டியிருக்கும்.

ரூத்

பன்னிரண்டாம் நாள் அண்ணன் நாங்கள் சொன்ன சொல்லைத் திருப்பிச் சொன்னான். தானாக எதையும் ஆரம்பிக்க முடியவில்லை, நாம் சொன்னால் எதிரொலி மாதிரி வரும். அதே வாரம் திசுப் பரிசோதனை முடிவும் வந்தது. ஆலிகோடென்ட்ரோகிளியோமா, இரண்டாம் நிலை. மெதுவாக வளரும் மூளைக் கட்டிகளில் ஒரு வகை. அந்தப் பெயரைத் தேடியபோதுதான் ரூத்தின் கதைக்குள் போனேன்.

ரூத், வைல்டர் பென்ஃபீல்டு என்ற மூளை அறுவை மருத்துவரின் அக்கா. மூளையை மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு வரைபடம் போட்டவர், 1934-இல் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தைத் தொடங்கியவர் என்று எல்லோருக்கும் தெரிந்த பென்ஃபீல்டு அதற்கு முன்னால், 1928 டிசம்பரில், தன் சொந்த அக்காவின் தலையைத் திறந்தார். ரூத்துக்கு வயது 43, ஆறு பிள்ளைகளின் தாய். உடலை மயக்காமல், தலையை மரத்துப்போக வைத்துச் செய்த அறுவை. வலது முன்மடலில் ஆலிகோடென்ட்ரோகிளியோமா. பென்ஃபீல்டு அந்த முன்மடலின் பெரும்பகுதியை எடுத்தார். ரூத் பிழைத்தார், பேசினார், பிள்ளைகளிடம் திரும்பினார். அந்தக் காலத்துக்கு இது எப்பேர்ப்பட்ட சாதனை! செய்தி மடல் என்று ஒன்று இருந்திருந்தால் அட்டைப்படம் இதுதான்.

பென்ஃபீல்டு 1935-இல், ஜோசப் எவன்ஸ் என்ற சக மருத்துவரோடு சேர்ந்து, முன்மடலைப் பெரிதாக வெட்டியெடுத்த நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதில் அக்காவும் ஒரு நோயாளி. அறுவை முடிந்து பதினைந்து மாதம் கழித்து நடந்த ஒரு சமையலை அங்கே விவரிக்கிறார். ஒரு விருந்தாளிக்கும் வீட்டில் நான்கு பேருக்குமாக எளிய இரவு உணவு. ரூத் ஆசையோடு திட்டமிட்டது, நாள் முழுக்க அவகாசம் இருந்தது. நேரம் நெருங்கியபோது எல்லாப் பொருளும் அடுக்களையில் இருந்தன. ஒன்றிரண்டு அடுப்பில் ஏறியிருந்தன, சாலட் தயாராகவில்லை, இறைச்சியைத் தொடவே இல்லை. தனியாக நின்று முயன்று முயன்று அவர் கலங்கிப்போயிருந்தார். சமைக்கத் தெரியாமல் போகவில்லை. எதற்குப் பிறகு எது என்று கோக்கும் ஏதோ ஒன்று போயிருந்தது. கட்டி திரும்ப வந்து 1931-இல் ரூத் இறந்தார்.

தன் கையால் அறுத்த அக்காவைப் பற்றி அந்த அடுக்களைக் காட்சியை எழுதுவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று யோசித்தேன். அதே சமயம் அதில் ஒரு குரூரமும் தெரிந்தது. அக்காவின் கலக்கம் ஆராய்ச்சிப் பொருள் ஆகிவிட்டது இல்லையா? இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஆனால் பதினைந்து மாதம் கழித்தும் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்த ஒருவர் எழுதியதால்தான், முன்மடல் என்ன செய்கிறது என்பதில் ஒரு பகுதி மற்றவர்களுக்குத் தெரியவந்தது. தையல் பிரித்த அன்றே கதையை முடித்திருந்தால் அது தெரிந்திருக்காது.

மூன்றாம் மாதம்

மூன்று மாதம் கழித்து ஸ்கேன். அதற்குள் அண்ணன் நன்றாகவே பேசினான். வாக்கியத்தைத் தொடங்கும் முன் ஒரு சின்ன இடைவெளி மட்டும் விழும். வலது கை எழுதியது. ஆனால் இரண்டு கையையும் மாற்றி மாற்றி அசைக்கச் சொன்னால் குழம்பும். கரும்பலகையில் வலது கையால் எழுதிக்கொண்டே இடது கையால் அழிப்பது அவன் பழக்கம், அது போய்விட்டது.

டாக்டரிடம் கேட்பதற்கென்றே நான் மடலை மடித்துப் பையில் வைத்திருந்தேன். மூன்று மாதம் ஒத்திகை பார்த்த கேள்வி, வாயில் வந்தபோது குளறியது.

"டாக்டர், இது வந்த அன்னிக்கு அண்ணனால தண்ணி கேக்க முடியலை."

அவர் மடலைப் பார்த்தார். "நான் எழுதலை. ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி படிச்சுட்டு சரின்னு சொன்னது நான்தான்" என்றார். மன்னிப்பும் கேட்கவில்லை, சமாளிக்கவும் இல்லை. திரையில் இரண்டு ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கட்டி முன்பு 46 மில்லிலிட்டர், இப்போது மிச்சம் 6. குழியின் அடியில், உள்பக்கமாக, நகக்கீற்று மாதிரி ஒரு வெள்ளை ஓரம்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். 87 சதவீதம். அந்த மூன்று மாதத்தில் நான் படித்த இன்னொரு 2008 கட்டுரை, இந்த மாதிரிக் கட்டிகளில் 90 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்களையும் குறைவாக எடுத்தவர்களையும் ஒப்பிட்டிருந்தது. ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் கூட்டத்தில் 97 சதவீதம், இரண்டாவதில் 76. எனவே என் வாயிலிருந்து வந்தது நன்றி இல்லை. "இன்னும் மூணு சதவீதம்தானே டாக்டர்?"

அவர் அறுவைக் குறிப்பைத் திறந்தார். எண் சீட்டுகளின் பட்டியல். பதினொன்றாவது வரியில் விரலை வைத்தார். "இந்த ஓரத்துல ஒரு நரம்பிழைக் கத்தை சாய்வா இறங்கிப் பேச்சுப் பகுதிக்குப் போகுது. தொட்டோம். உங்க அண்ணனுக்கு யானை வரலைன்னா பரவால்லன்னு யோசிச்சிருப்பேன். 'இது ஒரு'ன்னே வரலை. கொஞ்சம் விட்டு மறுபடி தொட்டேன். வரலை. மூணாவது தடவையும் வரலை. அங்கே நிறுத்திட்டேன்."

"அந்த 90?"

"அது பெரிய கூட்டத்தை ரெண்டாப் பிரிச்சுப் பார்த்த கோடு. உங்க அண்ணன் தலைக்குள்ள அப்படி ஒரு கோடு இல்லை. அதை வெட்டியிருந்தா இப்படித் திரும்பி வந்திருப்பாரான்னு எனக்குத் தெரியாது. விட்டதனால பின்னாடி என்ன வரும்னும் தெரியாது."

இவ்வளவுதான் பேச்சு, ஐந்து நிமிஷம் இருக்கும். ஆனால் அந்தப் பதினொன்றாவது வரியைப் பார்த்ததும் மூன்று மாதமாக நான் தேடிக்கொண்டிருந்தது வேறு எதையோ என்று தோன்றியது. மடல் துக்கத்தைச் சொல்லவில்லை என்பதுதான் என் புகார் என்று நினைத்திருந்தேன். அதைவிட, அந்த அறையில் நடந்த மிகக் கஷ்டமான காரியத்தையே மடல் விட்டுவிட்டது. கட்டி கண்ணுக்குத் தெரிகிறது, கோல் கையில் இருக்கிறது, எடுத்தால் எண் கூடும், எண் கூடினால் ஆயுள் கூடலாம் என்று கட்டுரைகள் சொல்கின்றன. அந்த நேரத்தில் மூன்று முறை வராத இரண்டு சொல்லை நம்பி ஒருவர் கையை எடுத்திருக்கிறார். அதைப் படம் எடுக்க முடியாது. ஒன்றும் நடக்காத கணம் அது. 'மருத்துவர் 6 மில்லிலிட்டரை விட்டுவிட்டார்' என்று தலைப்புப் போட்டால் யார் வாழ்த்துச் சொல்வார்கள்? மருத்துவமனைக்குக் கெட்ட பெயர் என்றுதான் என் மாதிரி ஆட்கள் சொல்வோம். நானே அன்று மூன்று சதவீதத்துக்குக் கணக்குக் கேட்டேனே.

அந்த நிறுத்தம் சரிதானா என்று எனக்கு இன்னும் தெரியாது. சிகிச்சை இல்லாமல் விட்டால் இந்த வகைக் கட்டிகள் சராசரியாக வருஷத்துக்கு நான்கு மில்லிமீட்டர் விட்டம் கூடுகின்றன என்று அளந்து வைத்திருக்கிறார்கள். மிச்சத்தை அடக்கிவைக்க மாத்திரைகளும் வந்திருக்கின்றன. வோராசிடெனிப் என்ற மருந்துக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அண்ணனுக்கு இப்போதைக்குக் கண்காணிப்பு மட்டும்தான். நான்கு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். ஸ்கேனுக்கு முந்தைய வாரம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை, அவனைத் தவிர.

மடலில் ஒரு தகவல் பிழை இருந்ததை அவன்தான் கண்டுபிடித்தான். பேச்சு ஓரளவு திரும்பிய பிறகு அதைக் காட்டினேன். நிதானமாகப் படித்தான். 'பதின்மூன்றாம் வாய்ப்பாடு' என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, "பதி… னேழு" என்றான். தலைக்குள் கோல் இருக்கும்போது பதினேழாம் வாய்ப்பாடு சொன்னவனுக்குப் பதின்மூன்று என்று குறைத்துப் போட்டதில்தான் அவனுக்கு வருத்தம்.

போன ஸ்கேனுக்குப் போனபோது வெளிநோயாளிகள் பிரிவின் சுவரில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் புதிய ரோபோவின் படம், அதற்குப் பக்கத்தில் விருது வாங்கும் யாரோ. அண்ணன் எழுந்து போய்த் தன் முகத்துக்கு முன்னால் நின்றான். நானும் போய் நின்றேன். ஒரு விரலை நீட்டி, பயிற்சியாளர் கேட்பது மாதிரி என்னைப் பார்த்தான். "இது ஒரு…" என்றான். நிறுத்தினான். அந்த இடைவெளி நோயால் விழுந்ததா, அவன் வேண்டுமென்றே விட்டதா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து எங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.